பெத்ரோனா அத்தை இறங்காத ஏற்றம்

எங்கள் வெள்ளச்சிக்கு ஸ்டியரிங் ஒரு பக்கம், மீட்டர்கள் இன்னொரு பக்கம். ஜப்பானிலிருந்து வந்தபோது எல்லாமே வலது பக்கம்தான் இருந்தன. இங்கே ஸ்டியரிங்கை மட்டும் இடது பக்கம் மாற்றிவிட்டு, மீட்டர் பலகையைப் பெயர்க்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டான் ஒரு புண்ணியவான். மலைமேல் இருக்கும் எங்கள் எல் ஆல்தோவில் இப்படி எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன. ஓட்டுவது நான், ஊசியைப் பார்ப்பது பக்கத்தில் உட்காருகிறவர். ஊருக்குள் யாரும் அதைப் பார்ப்பதே இல்லை. ஏரிக்கரை மாதா கோயிலுக்காகக் கோபகபானாவுக்குப் போகும் அன்று மட்டும் அந்த இடத்தில் என் மாமியார் பெத்ரோனா உட்காருவார், ஊசியைப் பார்ப்பார், வாயையும் திறப்பார்.

வருஷத்துக்கு ஒரு தரம் வண்டியைக் கழுவி, பூ வைத்து, மாதா கோயில் வாசலில் நிறுத்தித் தீர்த்தம் தெளிக்காவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. ஆனால் வழியில் ஏரி குறுகும் திக்கீனா நீரிணையைத் தாண்டியதும் ஓர் ஏற்றம் இருக்கிறது. அங்கே வெள்ளச்சி நத்தையாகிவிடும். நாலு சிலிண்டரில் ரெண்டு தூங்கப் போய்விட்டதோ என்று தோன்றும். சரியாக அந்த நேரம் பார்த்து அத்தை கத்துவார்: "ஊசி உச்சிக்குப் போயிருச்சு! கொதிக்குது! நிறுத்து!"

நிறுத்துவேன். எஞ்சினை அணைப்பேன். எல்லோரும் இறங்குவார்கள். அரை மணி நேரம் ஆறவிட்டு, காலி வண்டியை நான் மேலே கொண்டுபோவேன். அத்தையும் என் கணவன் ஃபாவ்ஸ்தோவும் என் இரண்டு பெண்களும் மூச்சிரைக்க நடந்து வருவார்கள். தாண்டிப் போகிறவன் எல்லாம் ஹாரன் அடித்துச் சிரிப்பான். பதினோரு வருஷமாக இதுதான் கதை.

இந்த ஜூனில் அத்தை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இந்த வருசம் நீங்க போயிட்டு வாங்க. என் முட்டி போச்சு. அந்த மேட்டை என்னால நடக்க முடியாது."

தினம் ஒரு சண்டை போடாவிட்டால் எங்கள் இருவருக்கும் பொழுது போகாது. அவர் இல்லாமல் ஒரு கோபகபானாவா? வழி முழுக்க யாரோடு சண்டை போடுவேன்?

"இந்த வருசம் யாரும் இறங்கப் போறதில்ல, அத்தை" என்றேன். "வண்டியைச் சரி பண்றேன்."

சொல்லிவிட்டேன். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கையில் இருந்த காசுக்கு ஒரு பெரிய வேலைதான் ஆகும். வீட்டில் இருந்ததோ இரண்டு யோசனைகள்.

ஃபாவ்ஸ்தோ ஒரு பட்டியலே வைத்திருந்தான். பின்னால் ஒரு ரெக்கை, பானை வாய் அளவு சைலன்சர், சிவப்பு ஸ்டிக்கர்.

"சத்தம் மாறுனாலே வேகம் வந்துரும், ரூபீனா."

"முப்பதுல போற வண்டிக்கு ரெக்கை எதுக்குப்பா? கோழிக்கும்தான் ரெக்கை இருக்கு, பறக்குதா?"

அத்தைக்கு ஒரே பேச்சு. "ரேடியேட்டரைப் பெருசா மாத்து. கொதிக்கிற வண்டிக்கு வேற என்ன செய்வ?"

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. ரேடியேட்டர் மாற்றத்தான் வண்டியை இலாரியோன் மேஸ்திரியின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். நானும் வருவேன் என்று அத்தையும் ஃபாவ்ஸ்தோவும் ஏறிக்கொண்டார்கள்.

மேஸ்திரி மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்த்தார், குழாய்களை அமுக்கிப் பார்த்தார், விளிம்பில் விரலை ஓட்டினார்.

"கொதிச்ச வண்டின்னா இங்க உப்புப் பூத்திருக்கும், தங்கச்சி. இது ஒரு நாளும் கொதிச்சதில்ல. இதை மாத்துறது வீண் செலவு."

"அப்போ நான் பொய் சொல்றேனா?" அத்தை தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார். "பதினோரு வருசமா என் கண்ணால பாத்திருக்கேன்!"

மேஸ்திரி பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கரிச்சட்டி தோற்றது.

"இது கடலோர ஊருக்குச் செஞ்ச கார்புரேட்டர். அங்க இருக்கிற காத்துக்குத் தக்கபடி பெட்ரோல் ஊத்துது. இந்த உசரத்துல ஏது அவ்வளவு காத்து? குடிச்ச பெட்ரோல் செரிக்காம வண்டி திணறுது. பெட்ரோல் வர்ற துளை, அந்த ஜெட்டைச் சின்னதா போடுறேன், டைமிங்கை முன்னால நகத்துறேன், புது பிளக். அவ்வளவுதான்."

"சைலன்சர்?" என்றான் ஃபாவ்ஸ்தோ.

"தம்பி, மூக்கடைச்சவனுக்குப் பேன்ட்டைப் பெருசா தச்சா மூச்சு வருமா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "காசு மிச்சம் இருந்தா பிரேக் மாத்திக்கோ. ஏறுனா இறங்கணும்ல?"

பிறகு பின்கதவைத் திறந்தார். ஃபாவ்ஸ்தோவின் ஸ்பீக்கர் பெட்டி அங்கே உட்கார்ந்திருந்தது. அதை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"இதை வீட்டுல வைங்க. இதுக்குக் காசே வேண்டாம், இதைவிட நல்ல வேலை வேற இல்ல." ஃபாவ்ஸ்தோவின் முகம் இழவு வீடாகிவிட்டது.

ஒரு பக்கம் மேஸ்திரியின் விரல், ஒரு பக்கம் அத்தையின் கண். நான் கரி பிடித்த பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பொய் சொல்லாது என்று தோன்றியது.

"மேஸ்திரி சொல்றபடியே செய்யுங்க."

அத்தை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் வண்டி வந்தது. எங்கள் தெரு முனை மேட்டில் எப்போதும் முதல் கியரில் முனகும் வெள்ளச்சி, மூன்றாவதில் ஏறியது. நான் கூவிய கூவலில் தெரு நாய்கள் எல்லாம் பின்னாலேயே ஓடிவந்தன. மேட்டில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி, ஐந்து தரம் சுற்றினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அத்தை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வர்றேன். ஆனா ஊசி உச்சிக்குப் போயி நீ நிறுத்தலேன்னா, குதிச்சுருவேன்."

ஆகஸ்டில் கிளம்பினோம். அவித்த மொச்சை, பாலாடைக்கட்டி, பனியில் உலர்த்திய சுன்யோக் கிழங்கு, பீர். நீரிணைக்கு இந்தப் பக்கம் எப்போதும்போல மற்றவர்கள் ஆட்கள் போகும் படகுக்கு வரிசையில் நிற்க, நான் டேங்க்கை நிரப்பி வண்டியை மரத்தெப்பத்தில் ஏற்றினேன். அக்கரையில் எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். ஏற்றம் தொடங்கியது.

வெள்ளச்சி போனாள்! ஐந்து பேரையும் பீர் பெட்டியையும் சுமந்துகொண்டு, இரண்டாவது கியரில், பாட்டுப் பாடிக்கொண்டே போனாள். முதல் முறையாக ஒரு வண்டியை நாங்கள் தாண்டினோம். பெண்கள் ஹாரனை நான்தான் அடிப்பேன் என்று அடித்துக்கொண்டார்கள்.

"ஊசி உச்சிக்குப் போயிருச்சு!" என்றார் அத்தை.

என் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. புது பிரேக் வேறு. ஆனால் வண்டியின் சத்தம் சுத்தமாக இருந்தது, ஆவி வாசனையும் இல்லை.

"கொதிக்குது மருமகளே! எஞ்சின் வெடிச்சு எல்லாரும் ஏரியில போயி விழப்போறோம்! நிறுத்துடி!"

"ரூபீனா, அம்மா சொல்றாங்கல்ல, நிறுத்தேன்" என்றான் ஃபாவ்ஸ்தோ.

"நிறுத்தினா அவங்க நடக்கணும். நடக்க முட்டி இருக்கா?"

"நான் குதிக்கிறேன்!"

"குதிக்கிறதுக்கும் முட்டி வேணும், அத்தை!"

மேஸ்திரி தப்பாகச் சொல்லியிருந்தால் வண்டியும் போச்சு, அத்தை முகத்தில் விழிக்கவும் முடியாது. ஆனாலும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. அத்தை ஊருக்குள் இருக்கிற அத்தனை மாதாக்களையும் கூப்பிட்டு முடிப்பதற்குள் மேட்டின் உச்சி வந்துவிட்டது. கீழே ஏரி பளபளத்தது.

வண்டியை ஓரம் கட்டினேன். முதல் முறையாக எஞ்சினை அணைக்கவில்லை. சுற்றி வந்து அத்தையின் கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். இரண்டு சின்ன ஊசிகள். ஒன்று பாதிக்குக் கீழே நிம்மதியாக நின்றது. இன்னொன்று உச்சியில் நின்றது.

"எந்த ஊசி, அத்தை?"

விரலை வைத்துக் காட்டினார். அந்த ஊசியின் கீழே பெட்ரோல் பம்பு படம் இருந்தது.

ஊருக்குள் எங்கள் டேங்க் ஒரு நாளும் கால்வாசியைத் தாண்டியதில்லை. வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் நிரப்புவோம், அதுவும் அத்தை படகு வரிசையில் நிற்கும்போது. திரும்பி வந்து பார்த்தால் ஊசி உச்சியில். நான் வண்டியை அணைத்துவிட்டுப் பார்க்க வரும்போதோ, இரண்டு ஊசியும் கீழே படுத்துக்கொள்ளும். ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். இறக்கத்தில் அத்தை பயத்தில் கண்ணையே திறக்க மாட்டார்.

"அது பெட்ரோல், அத்தை. கொதிக்கிறது காட்டுறது இது."

அத்தை அந்த ஊசியைப் பார்த்தார், இந்த ஊசியைப் பார்த்தார், தாண்டி வந்த மலையைத் திரும்பிப் பார்த்தார்.

"பெட்ரோல் நிறைய இருக்குன்னா பதினோரு வருசம் நடந்தோம்?"

ஃபாவ்ஸ்தோ சிரித்துச் சிரித்து வண்டியிலிருந்தே விழுந்தான். பெண்கள் அவன் மேல் விழுந்தார்கள். நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன், முடியவில்லை. கடைசியில் அத்தையின் தொப்பி குலுங்க ஆரம்பித்தது, பின்னலும் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையில் ஓர் அடி வைத்தார்.

"நீயும் ஒரு தடவை பாத்திருக்கலாம்லடி!"

"நீங்க எங்க பாக்க விட்டீங்க?" என்றேன். அந்த அடி எனக்கு இனித்தது.

கோயில் வாசலில் வெள்ளச்சிக்குச் செவ்வந்தி மாலை போட்டோம், சக்கரங்களுக்கு பீர் தெளித்தோம். பாதிரியார் தீர்த்த வாளியோடு வந்து, பானெட்டைத் திறக்கச் சொன்னார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் இறங்குங்கம்மா, உள்ளேயும் தெளிக்கணும்."

"மாட்டேன் சாமி. பதினோரு வருசம் இறங்கியாச்சு. என் மேலயே தெளிங்க."

தெளித்தார். தொப்பியில் பாதி, மீட்டர் கண்ணாடியில் பாதி. நான் பானெட்டை மூடி, ஏறி எஞ்சினைக் கிளப்பினேன். அத்தை தோள் போர்வையின் நுனியால் கண்ணாடியை மெல்லத் துடைத்தார், கண்ணைச் சுருக்கிக் குனிந்து பார்த்தார், பிறகு வாசல் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்.

"மருமகளே! சூடு பாதிக்குக் கீழ. பெட்ரோல் முக்கால். வண்டியை எடு!"