வாசனை ரூம் படம்

தையல்காரம்மா அந்தக் காப்பிக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குள் கால் வைத்தது வேடிக்கை பார்க்க வந்தவளாகத்தான். வேறு வழியில் உள்ளே போக ஏழு மாதம் நடையாய் நடந்து பார்த்துவிட்டாள். வாசல் காவல்காரர் அவளைத் தூரத்தில் பார்த்தாலே, "இன்னிக்கும் ஆபீசர் இல்லம்மா" என்று சொல்லிவிடுவார்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். அவள் புருஷன் அந்தக் கம்பெனியின் வாசனை ரூமில் வேலை பார்த்தவர். வறுத்த கொட்டையைப் பெரிய உருளையில் போட்டு, வெண்ணெய் மணமும் வெனிலா மணமும் கலந்த எசன்ஸை மேலே ஊற்றிச் சுற்றவிடுவது அங்கே வேலை. ஜன்னல் கிடையாது. இருமல் ஆரம்பித்தபோது சளி என்றார்கள், அப்புறம் ஆஸ்துமா என்றார்கள். கடைசியில் தொழிலாளர் ஆஸ்பத்திரி டாக்டர்தான் விஷயத்தை உடைத்தார்.

"அந்த எசன்ஸ் ஆவி நுரையீரல்ல சின்னச் சின்னக் குழாயையெல்லாம் தழும்பாக்கிடுச்சு. அவர் அந்த ரூம்லதான் இருந்தாருன்னு கம்பெனியிலேருந்து ஒரு தாள் வாங்கிட்டு வாங்க. வீட்டுக்கே ஆக்சிஜன் மெஷின் குடுக்க எழுதிடறேன்."

கம்பெனியும் தாள் கொடுத்தது. 'மேற்படி நபர் பொட்டலம் கட்டும் பிரிவில் மட்டுமே பணிபுரிந்தார்' என்று. அதைத் திருத்தித் தரவேண்டிய ஆபீசரைப் பார்க்கத்தான் இந்த ஏழு மாத நடை. கூட வேலை பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

அப்போதுதான் அவள் தங்கச்சி மகள் அந்த யோசனையைச் சொன்னாள். "பெரியம்மா, சனிக்கிழமை சனிக்கிழமை பொதுஜனங்களை உள்ள விட்டுச் சுத்திக் காட்டறாங்க. போன்ல பேரைப் பதிஞ்சாப் போதும். உள்ள போயிட்டா அந்த ஆபீசரை எங்கயாவது பிடிச்சிடலாம்ல?"

இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். பெயரையும் விலாசத்தையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, 'விருந்தினர்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். ஏழு மாதமாக விரட்டிய அதே காவல்காரர், அட்டையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே எல்லாம் கண்ணாடி. சுற்றிக்காட்ட வந்த பெண்ணுக்கு இருபத்து நாலு வயதிருக்கும், காதோரம் ஒரு மைக். வாய் நிறையச் சிரித்து, வந்திருந்த முப்பது பேரையும் தன் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள்போல நடத்தினாள். தையல்காரம்மா முழங்கால் வலியில் பின்தங்கியபோது, "மெதுவா வாங்கம்மா, அவசரமே இல்ல" என்று கூட்டத்தையே நிறுத்திவைத்தாள். ஏழு மாதத்தில் அந்தக் கம்பெனியில் யாரும் அவளுக்காக நின்றதில்லை.

மாடியில் ஆபீசர்கள் இருக்கும் பக்கம் கதவு பூட்டியிருந்தது. சனிக்கிழமை அவர்களுக்கு லீவு. தையல்காரம்மாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திரும்பிவிடலாம் என்று நினைத்தவளைக் கூட்டம் ஒரு நீளமான நடைக்குள் தள்ளிக்கொண்டு போனது. சுவர் முழுக்க ஆளுயரப் படங்கள்.

நாலாவது படத்தில் அவள் முதலில் பார்த்தது சட்டையின் தோள்பட்டையை. கம்பெனி கொடுத்த சட்டை புருஷனுக்குத் தொளதொளவென்று இருக்கும் என்று அவளே பிரித்து இரண்டு விரல் உள்ளே பிடித்த தையல். அதற்குப் பிறகுதான் கண் முகத்துக்குப் போனது. உருளைக்குப் பக்கத்தில், கையில் எசன்ஸ் குவளையோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு அவர். கன்னத்தில் அப்போது சதை இருந்தது.

கீழே பெரிய எழுத்தில்: 'மணத்தின் காவலர். பன்னிரண்டு ஆண்டுகளாக இதே அறையில்.'

சத்தம் போட்டால் அடுத்த நிமிஷம் வாசலில் நிற்போம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"போட்டோ எடுத்துக்கலாமாம்மா?" என்று கேட்டாள்.

"தாராளமா. குடுங்க, நானே எடுக்கறேன். பக்கத்துல நில்லுங்க. எழுத்தும் சேர்ந்து வரட்டும்." அந்தப் பெண் போனை வாங்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். "கொஞ்சம் சிரிங்கம்மா."

தையல்காரம்மா சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டினாள். புருஷன் போனை மூக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். அவருக்கு ஒரு வாக்கியம் முடிக்க மூன்று முறை மூச்சு வாங்க வேண்டும்.

"இது எடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கு. போட்டோக்காரன் அரை மணி நேரம்தான் இருந்தான். உள்ள வரும்போது சூப்பர்வைசர் அவனுக்கு... ஒரு முகமூடி குடுத்தாரு. நல்லா தடிமனா. காத்து வடிகட்டறது." நிறுத்தி மூச்சு வாங்கினார். "அவனுக்கு மட்டும்."

"நீங்க கேக்கலையா?"

"அவன் வெளியாளு. தூசி ஒத்துக்காதாக்கும்னு நினைச்சேன்."

அவள் எழுந்து போய், மாவு பிசைந்து ஒருமுறை கழுவிவைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

படத்தைப் பார்த்த டாக்டர் அன்றைக்கே எழுதிக்கொடுத்தார். தொழிலாளர் இலாகாவிலிருந்து ஒருவர் கம்பெனிக்கு விசாரிக்கப் போனபோது, அந்தச் சுவரில் அவர் படம் இருந்த இடத்தில் ஒரு மலைச்சரிவுப் படம் தொங்கியதாம். அந்த வாசகமெல்லாம் விளம்பரத்துக்காக எழுதியது என்றார்களாம். ஆனாலும் மெஷின் வந்து சேர்ந்தது. "இதுக்கு மேல மோசமாகாம இழுத்துப் பிடிக்கலாம். போனது திரும்பி வராது" என்று டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வாசனை ரூமில் இப்போது வேறு ஒரு ஆள் நிற்கிறான்.

மெஷின் வந்த அடுத்த வாரம், ஒரு மத்தியானம், கதவருகே யாரோ நிற்பது தெரிந்து தையல்காரம்மா தையல் மிஷினை நிறுத்தினாள். அந்தச் சுற்றிக்காட்டும் பெண். மைக் இல்லாததால் அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரமானது.

"விருந்தினர் நோட்டுல உங்க விலாசம் இருந்துச்சு" என்றாள். "என்னை வேலையிலேருந்து நிறுத்திட்டாங்க. போட்டோ எடுத்தது நான்தான்னு கேமராவுல பார்த்துட்டாங்க."

தையல்காரம்மா எழுந்து வந்தாள். "உள்ள வாம்மா" என்றாள்.

அந்தப் பெண் வரவில்லை. அவள் பார்வை கட்டிலில் படுத்திருந்தவர்மேல், மூக்கில் மாட்டிய குழாய்மேல் போய் நின்றது. படத்தில் இருந்த முகத்தை இந்த முகத்தில் தேடினாள். மெஷின் விட்டு விட்டு உறுமியது.

"என் ஒருத்தி சம்பாத்தியத்துலதான் எங்க வீடு ஓடுது" என்றாள் மெதுவாக. "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா எடுத்திருப்பியாம்மா?"

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை.

"எடுத்திருக்க மாட்டேன்."

தையல்காரம்மா தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள். செம்போடு திரும்பியபோது வாசலில் யாரும் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டே தெருமுனைவரை ஓடிப் பார்த்தாள். அந்தப் பெண் பஸ் நிறுத்தத்தில், வெயிலில், இந்தப் பக்கம் திரும்பாமல் நின்றிருந்தாள். கூப்பிட வாயெடுத்தபோதுதான் அவளுடைய பெயர் தனக்குத் தெரியாதென்பது தையல்காரம்மாவுக்கு உறைத்தது.