தம்பி போட்ட பூஜ்யம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்ப்பது நான். அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் முன்கூட்டியே சொல்வது என் தம்பி. இரண்டு சர்க்கரைகளும் சேர்ந்து கிடைத்தால் மட்டும் அது பச்சையாக ஒளிர வேண்டும், ஒன்று மட்டும் கிடைத்தால் இருட்டாகக் கிடக்க வேண்டும் என்று அதன் ஜீன்களை மாற்றி அமைத்திருந்தோம். ஒளிர்ந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். கணினிச் சில்லுக்குள் ஒன்றா பூஜ்யமா என்று தீர்மானிக்கும் லாஜிக் கேட் போலத்தான். என்ன, இதற்குப் பசிக்கும், குட்டி போடும், சொன்ன பேச்சுக் கேட்காது.

தம்பியின் கணினிக்குள் எல்லாம் சரியாக நடந்தது. என் குழாய்களில்தான் வம்பு. ஒரே ஒரு சர்க்கரை ஊற்றிய குழாயும் நீல விளக்கின் கீழ் லேசாகப் பச்சை காட்டியது. ஆய்வுக்கூட இயக்குநர் குனிந்து பார்த்தார்.

"கணக்கு சுத்தமா இருக்கு. அப்ப அழுக்கு உங்க கையிலதான்," என்றார் என்னிடம். "எதுக்கும் வெள்ளிக்கிழமை பேசலாம். தப்பு யாரோடதோ, அவங்க அடுத்த கட்டத்துல வேணாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாய், சர்க்கரை, கையுறை எல்லாவற்றையும் புதிதாக மாற்றினேன். பச்சை அசையவில்லை. வீட்டில் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான்.

"உன் கணக்குல, சர்க்கரை இல்லாம மூடியிருக்கிற ஜீன் எவ்வளவு ஒளியைக் கசிய விடும்டா?" என்று கேட்டேன்.

"கசியாதுக்கா. பூஜ்யம்."

"யாரு அளந்தா?"

மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான். "யாரும் அளக்கல. மூடினா மூடினதுதானேன்னு நானே போட்டேன்."

"தண்ணிக் குழாயே இறுக்கி மூடினாலும் சொட்டுது. இது உசுரோட இருக்கிறது."

மறுநாள், சர்க்கரையே ஊற்றாத குழாயில் எவ்வளவு ஒளி கசிகிறது என்று அளந்து கொடுத்தேன். பூஜ்யத்தை எடுத்துவிட்டு அந்தச் சின்ன எண்ணைப் போட்டான். கணினி வரைந்த கோடு நான் அளந்த புள்ளிகள் மேல் வந்து உட்கார்ந்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் அந்தப் படத்தைப் பார்த்தார். கசிவு எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"பாத்தீங்களா, உங்க கையில எவ்வளவு அழுக்குன்னு இப்ப கணக்கே சொல்லுது."

தம்பி வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும், அவன் இடம் பத்திரம். நான் வாயெடுப்பதற்குள் அவன் பேசிவிட்டான்.

"அக்கா கை இல்ல சார். மூடின ஜீன் கசியாதுன்னு நான் போட்ட பூஜ்யம்தான் தப்பு."

இயக்குநர் சொன்னதைச் செய்கிற மனிதர். அடுத்த கட்டத்துக்கு வேறு கணக்குக்காரரைப் பார்க்கச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இத்தனை நாளும் நான் கேட்க ஏங்கியது 'அக்கா கை இல்ல' என்ற அந்த வார்த்தையைத்தான். இப்போதோ, என் கை அழுக்காகவே இருந்து தொலைத்திருக்கலாம்.

தம்பி மடிக்கணினியை மூடினான்.

"அடுத்து வர்றவங்ககிட்ட அந்தக் கசிவு எண்ணைக் குடுத்துடுக்கா," என்றான். "அவங்களும் பூஜ்யம் போட்டுட்டு, உன் கையைக் குத்தம் சொல்லப் போறாங்க."