மண்ணீரல் இல்லாதவன்

ஹேமநாதனுக்கு மண்ணீரல் கிடையாது. அதை வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவன் வீட்டில் சட்டம் போட்டிருந்தான். அந்தச் சட்டத்தை நினைத்தால் அவன் மனைவி ரூபினிக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது.

ஸ்கூடாயிலிருந்து எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வந்தவன் அவன். ஒரு மழைக்காலக் காலையில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அவனுடைய இடது விலாவுக்குக் கீழே குத்தியது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம். தைக்க வழியில்லை, எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் டாக்டர் சந்திரமதி இருவரையும் எதிரில் உட்கார வைத்துப் பேசினார்.

"ஒடம்புல ஓடற ரத்தம் மண்ணீரல் வழியா வடிகட்டிப் போகும். சில கிருமிங்க மேல வழவழன்னு ஒரு உறை இருக்கும். வெள்ளையணு புடிக்கப் போனா நழுவிரும். அதுக்காக நம்ம ஒடம்பு எதிர்ப்பொருள்னு ஒண்ணச் செஞ்சு அதுங்க மேல ஒட்டி வைக்கும், அடையாளத்துக்கு. அடையாளம் ஒட்டுனதையெல்லாம் புடிச்சு அழிக்கிற பெரிய எடம் மண்ணீரல். அவசரத்துக்கு எதிர்ப்பொருள் செய்யறதும் அங்கதான். உங்களுக்கு இனிமே அந்த எடம் இல்ல."

"அப்போ சீக்கிரம் போய்ச் சேந்துருவேனா டாக்டர்?" என்று ஹேமநாதன் சிரித்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "கல்லீரல் கொஞ்சம் பாத்துக்கும். தடுப்பூசி போட்டா எதிர்ப்பொருள் முன்கூட்டியே தயாரா இருக்கும். ஆனா எல்லாக் கிருமிக்கும் ஊசி கெடையாது. அதனாலதான் இந்த ஆன்டிபயாட்டிக் தர்றேன். எப்பவும் கூடவே இருக்கணும். காய்ச்சல் வந்தா மொதல்ல இது, அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. படுத்துப் பாக்கற வேலையே கூடாது. நாய், பூனை கடிச்சா காய்ச்சலுக்குக் காத்திருக்காம அன்னிக்கே வாங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உங்க வாயிலேருந்து வர்ற மொத வார்த்தை மண்ணீரல் இல்லேங்கறதா இருக்கணும். புரியுதா?"

ரூபினிக்குப் புரிந்தது. ஹேமநாதனுக்கும் புரிந்ததுதான். புரிந்துகொண்டேதான் எல்லாவற்றையும் செய்யாமல் விட்டான். ஆஸ்பத்திரியிலேயே போட்ட முதல் ஊசிகளோடு சரி. மிச்சத்துக்கு அழைத்தபோதெல்லாம் அவனுக்கு வேலை இருந்தது. உடம்புக்கு முடியாதவன் என்று தெரிந்தால் சூப்பர்வைசர் ஓரங்கட்டிவிடுவான் என்றான். அவள் வற்புறுத்தினால் அண்ணனைத் துணைக்கு இழுத்தான்.

அண்ணன் திருச்செல்வம் சிம்பாங் ரெங்கத்தில் லாரி டயர் கடை வைத்திருந்தார். நெஞ்சைத் தட்டிப் பேசுகிறவர். "நம்ம அப்பா செம்பனத் தோட்டத்துல பாம்பு மேலயே நடந்தவரு. ஒரு ஊசி போட்டிருப்பாரா? நம்மளது எஸ்டேட் ஒடம்பு லா. சும்மா அவனப் பயங்காட்டாத." ரூபினி பதில் பேசினால், "அலமாக், ஆரம்பிச்சிருச்சு" என்று காதைப் பொத்திக்கொள்வார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிரிப்பார்கள். அந்தக் குடும்பத்தில் அவளுக்கு ஒரே பெயர்தான்: கத்துற பொம்பளை.

இந்தத் தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். லீவு சேர்ந்து வந்ததால் அங்கேயே தங்கினார்கள். தீபாவளி கழிந்த இரண்டாம் நாள் காலை, ரூபினி காப்பி கொண்டு போனபோது ஹேமநாதன் கனத்த போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். வெளியே வெயில் கொளுத்தியது. அவன் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

"குளிருது ரூபி."

நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது. "மாத்திரை எங்க?"

அவன் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"மாத்திரை எங்கன்னு கேக்கறேன்!"

"மோட்டர் பாக்ஸ்ல."

மோட்டார் சைக்கிள் ஸ்கூடாய் வீட்டில் நின்றது. ஒன்றரை வருஷமாக அந்த மாத்திரைகள் பெட்டிக்குள் மழைக்கோட்டுக்கு அடியில் வெந்துகொண்டிருந்திருக்கின்றன. ரூபினி போர்வையை இழுத்து எறிந்தாள். அப்போதுதான் அவன் இடது கையில் கட்டைவிரலுக்குக் கீழே ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்தாள். தேங்காய் உடைத்தபோது வெட்டிக்கொண்டதாகச் சொல்லியிருந்தான். பிய்த்தாள். உள்ளே இரண்டு பல் தடம். சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது.

"இது என்ன?"

"நாய்... வெடிச் சத்தத்துல பயந்துபோச்சு. புடிச்சுக் கட்டப் போனேன். சின்னக் கடிதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கத்துவே."

அவள் கத்தவில்லை. காப்பி டம்ளர் எந்த வேகத்தில் சுவரில் போய் அடித்தது என்று அவளுக்கே தெரியாது. சத்தம் கேட்டுத் திருச்செல்வம் ஓடிவந்தார். சுவரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"காய்ச்சலா? பனடோல் குடு லா. நம்ம நாய்க்கு ஊசியெல்லாம் போட்டாச்சு. வெறிநாய் இல்ல."

"வெறிநாய் பத்தி யாரு பேசுனா மாமா? நல்ல நாயி வாயில இருக்கற கிருமியே இவருக்குப் போதும். நமக்கு அது ஒண்ணும் செய்யாது. இவருக்குப் புடிச்சு அழிக்க எடம் இல்ல! தூக்குங்க, கார்ல ஏத்துங்க!"

"மத்தியானம் வரைக்கும் பாக்கலாமே..."

"நீங்க தூக்கறீங்களா, நான் தரதரன்னு இழுத்துட்டுப் போகவா?"

தூக்கினார். ரூபினிதான் காரை ஓட்டினாள். வழி நெடுக லீவு முடிந்து திரும்பும் கார்கள். பின் சீட்டில் திருச்செல்வம் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த 'ஒண்ணுமில்ல' ஒவ்வொன்றும் ரூபினியின் மண்டையில் ஆணி மாதிரி இறங்கியது.

பக்கத்து டவுன் ஆஸ்பத்திரி வாசலில் அவர்களை இறக்கிவிட்டு, "மண்ணீரல் இல்லேன்னு மொதல்ல சொல்லுங்க. வேற எதுவும் பேச வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நிறுத்த இடமே கிடைக்கவில்லை. கடைசியில் புல்மேட்டில் ஏற்றிவிட்டு ஓடி வந்தாள்.

அவசரப் பிரிவில் சாதாரணக் காய்ச்சல், இருமல்காரர்கள் காத்திருக்கும் வரிசையில் ஹேமநாதன் சரிந்து உட்கார்ந்திருந்தான். சட்டையில் பச்சை ஸ்டிக்கர். பச்சை என்றால் அவசரமில்லை, முறை வரும்போது பார்ப்பார்கள். அவன் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. காலில், கால்சட்டை ஏறியிருந்த இடத்தில், நாவல்பழம் நசுங்கியது போல ஊதாத் திட்டுகள். காலையில் அவை இல்லை.

"மாமா, சொன்னீங்களா?"

திருச்செல்வம் குரலைத் தாழ்த்தினார். "காய்ச்சல், நாய் லேசா கடிச்சிருச்சுன்னு சொன்னேன். நம்ம கோயில் ஆளுங்க பின்னால நிக்கறாங்கம்மா. உள்ள போயி டாக்டர்கிட்டத் தனியா சொல்லிக்கலாம்."

ரூபினி திரும்பிப் பார்த்தாள். கோயில் கமிட்டியில் யாரோ ஒருவரும் அவர் மனைவியும் இருமலோடு நின்றிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். அதற்காக இந்த மனுஷன் பச்சை ஸ்டிக்கரோடு தம்பியைச் சாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அவள் வரிசையைத் தள்ளிக்கொண்டு கவுண்டருக்குப் போய்க் கண்ணாடியில் இரண்டு கையாலும் அறைந்தாள்.

"சுவாமி சாயா தாக் ஆடா லிம்பா!"

என் புருஷனுக்கு மண்ணீரல் இல்லை. மலாயில் மண்ணீரலுக்கு லிம்பா; அந்த ஒரு வார்த்தை அவளுக்கு மறக்கவே மறக்காது. டாக்டர் சந்திரமதி எழுதிக்காட்டி மனப்பாடம் செய்ய வைத்த வார்த்தை. "லிம்பா தாக் ஆடா! நாய் கடிச்சு காய்ச்சல்! கால்ல பாருங்க!" மலாயும் தமிழும் ஒன்றாகக் கொட்டியது. ஒரு காவலாளி அவள் தோளைப் பிடிக்க வந்தான். உதறினாள். கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கோயில் கமிட்டிக்காரரும்தான். நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினாள்.

கவுண்டரில் இருந்த மலாய் இளைஞன் எழுந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "கெனாப்பா தாக் சாக்காப்?" ஏன் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்து ஓடி வந்தான். ஸ்டிக்கரைப் பிய்த்து எறிந்தான். தள்ளுகட்டில் வந்தது. உயிருக்கு ஆபத்தானவர்களைப் பார்க்கும் சிவப்புப் பகுதியின் கதவு திறந்து மூடியது. உள்ளே போனதுமே ரத்தம் எடுத்து, முடிவுக்குக் காத்திராமல் நரம்பில் மருந்தை ஏற்றிவிட்டார்கள்.

பிறகு ஒரு பெண் டாக்டர் வெளியே வந்து சொன்னார். கிருமி ரத்தம் முழுக்கப் பரவிவிட்டது. உடம்பு சண்டை போடாமல் இல்லை. தாமதமாக, கண்மண் தெரியாமல் போடுகிறது. அதில் ரத்த அழுத்தம் விழுந்து, சின்னச் சின்ன ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. விரல்களுக்கு ரத்தம் போகவில்லை. "கொண்டு வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா பேச ஒண்ணும் இருந்திருக்காது" என்றார்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் திருச்செல்வம் சுவரோரம் குந்தியிருந்தார். அழுதுகொண்டிருந்தார். ரூபினிக்கு இரக்கம் வரவில்லை.

"எந்திரிங்க மாமா. அழுவாதீங்க. உங்க அழுகைய என்னால பாக்க முடியல."

"எனக்கு என்னம்மா தெரியும்..."

"தெரியும். நான் சொன்னேன். டாக்டர் சொன்னத வரிக்கு வரி உங்க வீட்டு மேசையில உக்காந்து சொன்னேன். காதப் பொத்திக்கிட்டீங்க. இவரு சிரிச்சாரு. எஸ்டேட் ஒடம்புன்னீங்களே, அந்த எஸ்டேட்ல ஊசி போடாம எத்தன புள்ளைங்க செத்துச்சுன்னு உங்க அப்பா சொல்லலயா? பொழச்சவங்கதான் பெரும பேச மிச்சம் இருக்காங்க. செத்தவங்க எங்க வந்து பேசுவாங்க?"

அவர் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். அதன் பிறகு அவள் அவரிடம் பேசவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஒரு கேள்வி அவளைப் பிடுங்கித் தின்றது. நான் கத்தாதவளாக இருந்திருந்தால் நாய் கடித்ததைச் சொல்லியிருப்பானோ? பயந்துதான் மறைத்தானோ? யோசிக்க யோசிக்க, இந்தக் கேள்வியைத் தனக்குள் யார் போட்டது என்றே ஆத்திரம் வந்தது. முதலில் அவள் மெதுவாகத்தான் சொன்னாள். கெஞ்சிச் சொன்னாள். மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்து அனுப்பினாள். எதையும் கேட்காதபோதுதான் குரல் ஏறியது. இப்போது குரல்தான் குற்றமாம்.

ஹேமநாதன் பிழைத்தான். இடது கையில் மூன்று விரல்களின் நுனிகள் கரியாகி, அவற்றை எடுக்க வேண்டியிருந்தது. வலது காலில் எல்லா விரல்களும் போயின. கண் விழித்துப் பேச முடிந்த முதல் நாள் அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"திட்டு ரூபி" என்றான்.

"ஒடம்பு தேறட்டும்" என்றாள். "அரை உசுரா இருக்கறவரத் திட்டி என்ன பிரயோஜனம்."

வீடு திரும்பியதும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஸ்கூடாய் வீட்டுக் கூடம் நிறைந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம் திருச்செல்வம் தொண்டையைக் கனைத்து, "ஏதோ விஷக் காய்ச்சல்..." என்று ஆரம்பித்தார்.

ரூபினி பலகாரத் தட்டைப் பட்டென்று கீழே வைத்தாள். அவள் வாய் திறப்பதற்குள் ஹேமநாதன் பேசினான்.

"விஷக் காய்ச்சல் இல்லண்ணே. எனக்கு மண்ணீரல் இல்ல. ஆக்சிடன்ட்ல எடுத்துட்டாங்க. நாய் கடிச்சத மறைச்சேன், மாத்திரைய வீட்டுல விட்டுட்டேன். இவ கத்தலேன்னா இன்னிக்கு நீங்கள்லாம் வேற காரியத்துக்கு வந்திருப்பீங்க."

ரூபினி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அவள் கண்ணில் நீர் வந்தது உண்மை. கோபம் தணிந்தது என்று யாராவது நினைத்தால் அது பொய். இதை அன்றைக்கே சொல்ல இந்த வாய்க்கு என்ன கேடு என்றுதான் தோன்றியது. மூன்று விரல் நுனியும் ஒரு காலின் விரல்களும் கொடுத்து வாங்க வேண்டிய வாக்கியமா அது?

சிங்கப்பூர் வேலை போய்விட்டது. ஸ்கூடாயிலேயே ஒரு கிடங்கில், உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றைக்கே முதலாளியிடம் மண்ணீரல் விஷயத்தைச் சொன்னான். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. அதைக் கேட்டபோதும் ரூபினிக்குக் கோபம்தான் வந்தது. மிச்ச ஊசிகளுக்கு அவளே கூட்டிப் போனாள். புது மாத்திரைகள் அவன் பையில் ஒன்று, அவள் கைப்பையில் ஒன்று, காரில் வைத்தால் வெந்துவிடும் என்பதால் வேலையிடத்து மேசையில் ஒன்று.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, கரண்டியை அவள் பாத்திரத்தில் போட்ட சத்தத்தைக் கேட்டு ஹேமநாதன் நிமிர்ந்தான்.

"இன்னும் கோவமா?"

"ஆமா."

"எப்பத் தீரும்?"

"தெரியல. தீரறப்பத் தீரட்டும். சோறு ஆறுது, சாப்பிடுங்க."

அவன் வலது கையால் சோற்றைப் பிசைந்தான். அவள் மீன் துண்டில் முள்ளை எடுத்துவிட்டு, சதையை அவன் தட்டில் வைத்தாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.