குருமூர்த்தியின் முதுகில் வெட்டிவேர்

சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிகளுக்கு எடை போடும் குருமூர்த்தியின் முதுகில் வெட்டிவேர் முளைத்திருந்தது. நாலு விரல் நீளம். அன்றைக்கு டவுனில் தக்காளி கிலோ முப்பது ரூபாய். முப்பத்தேழு வயதில் தன் உடம்பில் ஏதோ ஒன்று அடர்த்தியாக வளர்கிறதே என்று அவனுக்கு முதலில் கொஞ்சம் பெருமைதான். தலையில் நடக்காத காரியம்.

அதுவரை ஒன்பது வீடுகளில் பெண் பார்த்து, ஒன்பது கேசரி சாப்பிட்டிருந்தான். ஒரு வீட்டிலிருந்தும் பதில் வரவில்லை. காரணம் தன் மூஞ்சியாக இருக்க முடியாது, சுண்ணாம்புத் தூசி வாடைதான் என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொண்டு, ஆண்களுக்கான வெட்டிவேர் சென்ட்டைத் தேடி மூன்று வருடம் அலைந்தான். ஒன்று எலுமிச்சை சோப்பாக மணத்தது. இன்னொன்றைப் பூசிய அன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஜெயங்கொண்டம் வரை நின்றுகொண்டே போனார். கடைசியில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் கட்டைவிரல் உயரப் பாட்டிலைத் திறந்தபோது, ஈர வேர்த்தட்டிக்குப் பக்கத்தில் பகல் தூக்கம் போட்டு எழுந்த மாதிரி இருந்தது. வாங்கிவிட்டான்.

தப்பு அதற்குப் பிறகுதான். அவன் வீட்டு ஜன்னலில் கோடைக்குத் தொங்கும் வெட்டிவேர்த் தட்டி, தண்ணீர் தெளித்தால்தான் மணக்கும். அந்தப் பழக்கத்தில் சென்ட்டைப் பூசி, மேலே ஒரு சொம்புத் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டு படுத்தான். விடிந்தபோது முளைத்திருந்தது. கூட வேலை செய்யும் பூவரசன் கத்தரித்துவிட்டான். மத்தியானத்துக்குள் இடுப்பு வரை வந்தது. எடை அறையில் ஏசியை நிறுத்திவிட்டார்கள். லாரி டிரைவர்கள் உள்ளே வந்து, அவன் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

“கொஞ்சம் திரும்பி நில்லு மாப்ள, இந்தப் பக்கம் காத்தே வரல” என்றான் பூவரசன்.

வெள்ளிக்கிழமை பத்தாவது பெண். வாலிகண்டபுரம் வேணி, தகரக் கூரைக்குக் கீழே தையல் கடை வைத்திருப்பவள். போட்டோவிலேயே அவனுக்குப் பிடித்துப்போயிற்று. இவளும் வேண்டாமென்றால் தரகரிடமிருந்து ஜாதகத்தைத் திரும்ப வாங்கிவிடுவதென்று முடிவு. வேரைச் சுருட்டித் துண்டால் கட்டி, மேலே சட்டை போட்டு, மூட்டை தூக்கியவன் போலப் போய் உட்கார்ந்தான். கரண்ட் போனது. வியர்த்தது. நனைந்த வேர் துண்டை அவிழ்த்துக்கொண்டு காலர் வழியாக வெளியே வந்தது.

“முதுகுல என்னங்க அது?” என்றாள் வேணி.

“வெட்டிவேருங்க. சென்ட் போட்டேன், கொஞ்சம் கூடிப்போச்சு.”

வேணி உள்ளே போனாள். கதை முடிந்தது என்று அவன் பத்தாவது கேசரியை வேகமாக விழுங்கினான். அவளோ சொம்போடு வந்து, அவன் பின்னால் நின்று, அளவாகத் தெளித்தாள். அவள் அப்பா விசிறியைக் கீழே வைத்தார்.

“கடையில மத்தியானம் உக்கார முடியலங்க. அந்நேரம் உங்களுக்கு வேலை இருக்குமா?”

“காலை ஷிப்ட் வாங்கிக்கறேங்க.”

வைகாசியில் கல்யாணம். இப்போது தினமும் மூன்று மணி பஸ்ஸில் வந்து, கடை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்கிறான். ரவிக்கை தைக்க வருகிறவர்கள் மணம் அபாரம் என்கிறார்கள். மூக்கு முன்பக்கம் இருப்பதால் அவனுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. அவர்கள் சொல்வதை நம்பிக்கொள்கிறான். ஐந்து மணிக்கு வேணி இன்னொரு சொம்பு தெளிப்பாள்.