லாரியோடு போனவன்

பஞ்சநாதனுக்கு நான் தரவேண்டியிருந்தது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். மகன் அறிவழகனை வளைகுடாவுக்கு லாரி ஓட்ட அனுப்பத்தான் வாங்கினேன். பக்கத்து நாடுகளில் சண்டை நடந்தாலும் எந்தப் பக்கமும் சேராத நாடு என்று தைரியமாக இருந்தோம்.

சித்திரையில் அந்த நாட்டுத் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. அவர்களும் சண்டையில் இறங்கினார்கள். கம்பெனி லாரிகளை டிரைவர்களோடு சேர்த்து ராணுவம் எடுத்துக்கொண்டது.

“வந்துடுப்பா” என்றேன் போனில்.

“பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாங்கப்பா. இப்ப ரெட்டைச் சம்பளம். குண்டுதான் ஏத்திட்டுப் போறேன்.”

ஆடியில் மொத்தப் பணமும் அனுப்பிவிட்டான். தா.பழூர் போய்க் கொடுத்தேன். பஞ்சநாதன் எண்ணிப் பார்த்தார்.

“சண்டை வந்ததும் ஒனக்கு நல்லதாப் போச்சு, பூமாலை.”

“இத அந்த ராணுவத்துக்கே திருப்பிக் குடுத்தா அவன விட்டுருவாங்களாங்க?”

அவர், நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த புரோநோட்டை இரண்டாகக் கிழித்து என் கையில் வைத்தார்.