படிக்கச் சொன்னால் அனுப்பிவிடும்

வக்கீல் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை கூடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா தாயே, அந்தக் கையேட்டை எழுதின புண்ணியவதி நீங்கதானே?" என்றாள்.

பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் மென்பொருள் ஒன்றுக்கு தங்கைதான் கையேடு எழுதுகிறாள். பிறவியிலேயே பார்வையில்லாத அக்கா அதை வைத்துத்தான் வழக்கு வேலை முழுவதையும் பார்க்கிறாள்.

"எழுதின கடிதத்தை மறுபடி கேக்க இந்த ரெண்டு விசையையும் சேர்த்து அழுத்துன்னு போட்டிருக்கே. அழுத்தினேன். எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பாதிக் கடிதம் போயிடுச்சு. 'உங்கள் கட்சிக்காரர் ஒரு'ங்கறதோட நிக்குது. ஒரு என்னன்னு அந்த ஆள் நேத்துலேர்ந்து போன் பண்ணிக் குடையறார்."

"சான்ஸே இல்லக்கா. நீ வேற எதையோ அழுத்தியிருப்பே. இப்பப் பாரு."

மடிக்கணினியைத் திறந்தாள். கைக்கு முதலில் வந்தது தன் மேலாளரின் மின்னஞ்சல் முகவரி. அதைப் போட்டு, அக்காவைச் சிரிக்கவைக்க ஒரு வரி தட்டினாள்: 'ஐயா, உங்கள் கூட்டங்களில்தான் எனக்கு நல்ல தூக்கம் வருகிறது.' இரண்டு விசைகளையும் அழுத்தினாள்.

"கடிதம் அனுப்பப்பட்டது" என்றது கணினி, கணீரென்று.

அக்கா சோபாவில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கை பாய்ந்து போனை எடுத்தாள். அந்த மென்பொருளின் பொறியாளரைப் பிடித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது: போன மாதம் விசைகளை மாற்றியிருக்கிறார்கள். கையேட்டுக்காரியிடம் மூச்சுவிடவில்லை.

மறுநாள் மேலாளர் அறைக்குள் பூனைபோல் நுழைந்தாள். கடுகடுவென்று உட்கார்ந்திருந்தவரிடம் நடந்ததை ஒப்பித்தாள்.

"கதை விடாதம்மா. நம்ம மென்பொருள் அப்படியெல்லாம் செய்யாது" என்றவர், அதே மென்பொருள் ஓடிக்கொண்டிருந்த தன் கணினியில், பாதி எழுதி வைத்திருந்த கடிதம் ஒன்றைத் திறந்தார். அவள் "சார், சார், வேணாம்" என்பதற்குள் அழுத்தியே விட்டார்.

கடிதம் இயக்குநருக்குப் போய்விட்டது. 'வரும் வெள்ளிக்கிழமை எனக்குக் கடுமையான காய்ச்சல் என்பதால்' என்றிருந்தது. அன்றைக்குத் திங்கள்கிழமைதான்.

மேலாளர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"இன்னிக்கே திருத்திடு" என்றார் மேலாளர், ஈனஸ்வரத்தில். "அந்தத் தூக்க விஷயம்... நான் படிக்கவே இல்லை."

சாயங்காலத்துக்குள் கையேட்டுத் திருத்தம் வெளியானது. ஆனால் தங்கைக்கு மற்றப் பக்கங்கள்மேல் நம்பிக்கை போய்விட்டது. அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய், திரையை அணைத்துவிட்டு, கையேட்டை வரிவரியாகக் கேட்டுச் செய்து பார்த்தாள். 'வலது ஓரத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தவும்' என்று கணினி படித்ததும் அக்கா கையைத் தூக்கினாள்.

"பச்சையா? அதுக்கு வாசனை ஏதும் வருமாடி?"

தங்கை தலையில் அடித்துக்கொண்டு அந்த வரியை நீக்கினாள்.

"பொத்தானோட பேரைப் போட்டுடறேன்க்கா."

"போடு, போடு" என்று அக்கா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அடுத்த பக்கத்துக்கு வா. இப்பதான் எனக்குச் சுவாரசியம் தட்டுது."