வரிசையின் கடைசியில் ஓர் அரசர்

1

இந்தக் கதை ஒரு மண்மேட்டிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பல வருடங்களாக வசிக்கும் இந்த மேற்குக் கரைத் தீவில், வீட்டுக்குப் பின்னால் பைன் மரங்களுக்கு நடுவே பெயரில்லாத ஒரு கல்லறை மேடு இருக்கிறது. யாருடையது என்று பக்கத்து நண்டுக் குழம்புக் கடை புன்-ரே அக்காவிடம் கேட்டேன்.

"அந்தக் காலத்து கொர்யோ ராஜ்ஜியத்து ராஜாவாம். ஒரே ஒரு குளிர்காலம்தான் ஆண்டாராம். சிம்மாசனம் சூடாகறதுக்குள்ள எழுப்பி விட்டுட்டாங்க, பாவம்."

அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி முழுக்க என் கற்பனை. வரலாற்றுப் புத்தகங்களில் தேட வேண்டாம்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "பனி கொட்டிய அந்தக் காலையில், வீரத் திருமகன் யூல் தன் வெண்புரவியில் ஏறி—"

இல்லை. யூலுக்குக் குதிரையேறத் தெரியாது. சிறு வயதிலேயே புத்த மடத்தில் விடப்பட்டவர். அரசராக இருந்த அண்ணன் வாரிசில்லாமல் இறந்ததும், படைத்தலைவர் மா தே-குன் அவரை அழைத்துவந்து, தன் மகள் சோ-ரியனைக் கட்டிவைத்து, அரியணையில் உட்கார வைத்தார். வாயில்லாப் பூச்சி, காட்டிய இடத்தில் முத்திரை குத்துவான் என்பது மாமனாரின் எண்ணம்.

மழித்த தலையில் கிரீடம் நிற்காமல் நெற்றிக்குச் சரிந்தது. சோ-ரியன் உள்ளே பட்டுத் துணியை மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

"முடி வளர்ற வரைக்கும் தலையை ஆட்டாதீங்க."

"உங்கப்பா முன்னாடி ஆட்டித்தானே ஆகணும்?"

அவள் சிரித்துவிட்டாள். (முதல் வரைவில் அவளைத் தகப்பனின் ஒற்றாக வைத்திருந்தேன். இந்தச் சிரிப்பு வந்த பிறகு அது நடக்கவில்லை.)

3

வடக்கிலிருந்து குதிரைப்படை இறங்கி வந்தது. அதற்குக் கடல் ஆகாது. எனவே அரசவை இந்தத் தீவுக்குப் போவதென்று மா தே-குன் முடிவெடுத்தார். தலைநகர மக்களும் மூட்டை முடிச்சுகளோடு பின்னாலேயே கரைக்கு வந்துவிட்டார்கள். படகுகளோ குறைவு. அரசவை அக்கரை சேர்ந்ததும், எதிரி கையில் சிக்காதபடி அவற்றை எரித்துவிட வேண்டும் என்பது உத்தரவு.

"ஜனங்க எப்ப வருவாங்க, மாமா?"

"அவங்க மலைப்பக்கம் ஓடிக்குவாங்க, மாப்பிள்ளை. நீங்க ஏறுங்க."

முதலில் அரசரின் உடைமைகள், பிறகு அரசர், அதன் பின்பே மற்றவர்கள். இது வழக்கம், மீறினால் ராஜதுரோகம். இதைக் கறாராக நடத்திவந்தவரே மா தே-குன்தான்.

யூல் சேற்றுக் கரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்.

"என் சாமான் இன்னும் ஏறலயே."

"பெட்டி, பல்லக்கு எல்லாம் ஏத்தியாச்சே."

"நாட்டுல இருக்கறதெல்லாம் ராஜாவோட சொத்துன்னு முடிசூட்டு அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க?" யூல் கூட்டத்தைக் காட்டினார். "அதோ, அவ்வளவும் என் சாமான்தான். முதல்ல அதை ஏத்துங்க."

(இங்கே அவருக்கு நீண்ட உரை ஒன்று எழுதினேன். கருணை, தர்மம் எல்லாம் வந்தது. அடித்துவிட்டேன். அதிகம் பேசாததால்தான் அவரை எனக்குப் பிடித்தது.)

படகுகள் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் போய்த் திரும்பின. அமைச்சர்கள் குளிரில் வெடவெடத்தபடி காத்திருந்தார்கள். ஒரு பெண் முள்ளங்கி ஊறுகாய்ப் பானையோடு ஏறினாள்.

"பானையுமா?" என்று முணுமுணுத்தார் ஓர் அமைச்சர்.

"அதுவும் என்னோடதுதான்," என்றார் அரசர்.

4

பிற்பகலில் வடக்குக் குன்றுகளுக்குப் பின்னால் புகை எழுந்தது. மா தே-குன் அதற்குமேல் பொறுக்கவில்லை. யூலின் வயதான சித்தப்பா ஒருவரை இழுத்துவந்து, யூலின் கிரீடத்தைக் கழற்றி அவர் தலையில் வைத்தார்.

"இப்ப நீ ராஜா இல்ல."

"சரி மாமா." யூல் எழுந்து, ஆடையில் ஒட்டிய சேற்றைத் தட்டினார். "அப்ப நானும் ஜனம். வரிசையில நிக்கறேன்."

போய்க் கடைசியில் நின்றார்.

"சோ-ரியன், நீ வந்து படகுல ஏறு," என்றார் தகப்பன்.

"ராணிதானேப்பா ஏறணும்? ராஜாவையே மாத்திட்டீங்களே."

அவள் கணவனுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"பின்னாடி நிக்காத. முன்னாடி வா," என்றார் யூல்.

"பேசாம நில்லுங்க. இனிமே உத்தரவு போட உங்களுக்கு அதிகாரம் கிடையாது."

5

புதிய அரசரோடு அரசவை புறப்பட்டது. கரையில் வரிசையில் எஞ்சியவர்கள், யூலையும் சோ-ரியனையும் சேர்த்து, கொஞ்சம் பேர்தான்.

ஒரு முடிவு: படகு திரும்பி வந்தது, யூல் இந்தத் தீவில் முள்ளங்கி பயிரிட்டு, தலை நரைக்கும்வரை வாழ்ந்தார். புன்-ரே அக்காவின் கட்சி இதுதான். "மேடு இங்கதானே இருக்கு?" என்கிறார். இருக்கிறது. உள்ளே யார் என்று எவரும் தோண்டிப் பார்த்ததில்லை.

இன்னொரு முடிவு: "குதிரைகள் கரையை நெருங்கியபோது யூல் முன்னால் நடந்து—"

இதற்குமேல் கை ஓடவில்லை. காப்பாற்றினால் அவருக்கு நான் முகஸ்துதி செய்வதாகிறது. கைவிட்டால் மா தே-குன்னுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். படகுகள் தீவுக் கரையில் காலியாக நிற்கின்றன. எரிக்கச் சொல்லி மா தே-குன் கத்துகிறார். தீப்பந்தம் பிடித்த சேவகர்கள் தயங்குகிறார்கள். அன்று கடந்து வந்த ஜனம் முழுவதும் அவர்களைப் பார்த்தபடி நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருக்கிறீர்கள்.

சேற்றில் புதைந்த படகை ஒற்றை ஆளால் திரும்பக் கடலுக்குள் தள்ள முடியாது. இந்தப் பக்கம் நான் தோள் கொடுத்திருக்கிறேன்.